சிற்றூர்க் கடையில் உள்ளூர் உணவும் கைவினைப் பரிசும் விற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அக்கம்பக்கத்தில் செய்யப்படும் தேன், ஜாம், ஊறுகாய், பிஸ்கட், சோப்பு, மெழுகுவர்த்தி, கூடை, மண்பாண்டம் இவற்றைச் சின்னக் கடையில் வைத்து விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அலமாரியை முதலில் நிரப்பிவிடுகிறார்கள். எத்தனை நாள் கெடாமல் இருக்கும், பணம் எப்போது தருவது, விற்காததை யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்செல்லாம் சரக்கு கடைக்கு வந்த பிறகுதான் நடக்கிறது. அதற்குள் காலம் கடந்துவிடும். செய்தவர் தினமும் தெருவில் எதிரே வருகிறவர். அவரிடம் திருப்பிக் கொடுக்க மனம் வராது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். அலமாரி ஒன்பதாவது படியில்தான் வருகிறது.

1. சரக்கு தேடும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். உணவு விற்க உங்கள் கடைக்கு என்ன பதிவு வேண்டும்? வீட்டுச் சமையலறையில் செய்து விற்பவருக்கு என்ன அனுமதி வேண்டும்? ஒன்று இருந்தால் இன்னொன்று தேவையில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கடைக்கு உரிமம் இருப்பதால் செய்பவரின் சமையலறைக்கும் அனுமதி வந்துவிடாது. பல நாடுகளில் வீட்டில் செய்து விற்கக்கூடிய உணவுகளுக்குத் தனிப் பட்டியலே உண்டு.

ஒரு கிராம் வரை காட்டும் எடைத் தராசு, அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைக் காட்டும் தெர்மாமீட்டர், ஒரு நோட்டு இவை போதும். தெர்மாமீட்டரைப் பொருள் வைக்கப்போகும் இடத்திலேயே ஒரு வாரம் வைத்து, பகல் உச்சத்தையும் இரவுக் குறைவையும் குறித்துக்கொள்ளுங்கள். சாக்லேட் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இளகத் தொடங்கும். தேன் 14 டிகிரி அளவில்தான் மிக வேகமாக உறையும். உங்கள் அலமாரி எதைத் தாங்கும் என்பதை அந்த ஒரு வாரக் குறிப்பு சொல்லிவிடும். பிறகு யார் எவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்தாலும் இல்லை என்று சொல்ல உங்களிடம் காரணம் இருக்கும்.

2. செய்பவரை அவர் இடத்திலேயே பாருங்கள்

மாதிரியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்வது சுலபம்தான். ஆனாலும் நீங்களே போய்ப் பாருங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, பாட்டில்களை எப்படிக் கழுவுகிறார், காய்ந்த சோப்பை எங்கே அடுக்கியிருக்கிறார் என்பதெல்லாம் மாதிரிப் பாட்டிலில் தெரியாது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு ஈட்டுக்கு (ஒரே தடவையில் செய்வதற்கு) எத்தனை வரும், மாதத்துக்கு எத்தனை ஈடு போட முடியும் என்பது. புதியவர்கள் சுவையைக் கேட்டுவிட்டு அளவைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். மாதத்துக்கு 20 பாட்டில் செய்பவரின் பொருளைப் பெரிய பலகை எழுதி முன்னால் வைத்தால், இரண்டாம் வாரமே அந்த இடம் காலியாகிவிடும். அவர் சரக்கு பின்வரிசைக்கு ஏற்றது, அவ்வளவுதான்.

அடுத்து, இதே பொருளை வேறு எங்கே, என்ன விலைக்கு விற்கிறார் என்று கேளுங்கள். சந்தையில் அவரே நேரடியாகக் குறைந்த விலைக்கு விற்றால் உங்கள் கடையில் அது நகராது. கடையிலும் சந்தையிலும் ஒரே விலை என்று முதல் சந்திப்பிலேயே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

3. எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள். செய்பவர் ‘ஆறு மாதம் இருக்கும்’ என்பார். அது அவர் வீட்டு இருட்டு அலமாரியில் இருந்த கணக்கு. உங்கள் கடையில் வெயில் உண்டு, விளக்கு உண்டு, கதவு நூறு தடவை திறந்து மூடும்.

பிஸ்கட், வறுவல், கொட்டை சேர்த்த இனிப்பு போன்ற உலர்ந்த பொருள்களில் ஒரே ஈட்டில் வந்த எட்டுப் பாக்கெட்டுகளை விற்கப்போகும் இடத்திலேயே வைத்து, வாரம் ஒன்றாகப் பிரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மொறுமொறுப்புப் போனால் ஈரம் உள்ளே போகிறது, பாக்கெட் சரியில்லை. சிக்கு வாடை வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. அதற்குக் காற்றும் வெளிச்சமும்தான் காரணம். எட்டாம் வாரமும் நன்றாக இருந்தால் ஆறு வாரம் என்று தேதி போடுங்கள். வாங்கிப்போனவர் வீட்டிலும் அது சில நாள் இருக்கும் என்பதால்தான் இந்த இடைவெளி.

தேனுக்கு ஈரப்பதம்தான் கணக்கு. கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் என்ற சர்வதேச உணவுத் தரத் தொகுப்பு, பொதுவாகத் தேனில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்கிறது. அதைத் தாண்டினால் தேன் புளிக்கத் தொடங்கி மூடியைத் தள்ளும். தேனீ வளர்ப்பவர் பலரிடம் இதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள். தேன் உறைந்து சர்க்கரை பூத்தால் அது கெட்டதாக அர்த்தமில்லை. 40 டிகிரிக்குக் குறைந்த வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். இதை ஒரு அட்டையில் எழுதித் தேனுக்குப் பக்கத்தில் வைக்கும் வரை எனக்குத் தேன் திரும்பி வந்துகொண்டே இருந்தது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதையும் அதே அட்டையில் எழுதுங்கள். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகளைக் குழந்தையின் குடலால் சமாளிக்க முடியாது.

பாட்டிலில் அடைத்த ஈரமான உணவுகளில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. எல்லைக்கோடு, புளிப்பை அளக்கும் எண்ணான பி.ஹெச். 4.6. அதற்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பில், பாட்டுலிசம் கிருமி வளராது. பெரும்பாலான பழ ஜாமும், சரியாக வினிகரில் போட்ட காயும் அந்தப் பக்கம். எண்ணெயில் ஊறிய பூண்டு, புளிப்பில்லாத வேகவைத்த காய், காளான் போன்றவற்றைக் காற்றுப் புகாமல் அடைத்தால் அவை மறுபக்கம். அந்தக் கிருமியின் வித்துகள் தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியில் சாகாது. அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடாக்க வேண்டும். நிறமோ வாடையோ மாறாமலே பாட்டில் நஞ்சாகியிருக்கக்கூடும். அதனால் இந்த வகையை ஆய்வகச் சான்று இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். செய்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் சரி. புளிப்பு உணவு செய்பவரும் ஒவ்வொரு ஈட்டையும் பி.ஹெச். மீட்டரில் அளந்து எழுதி வைப்பவராக இருக்கட்டும். வண்ணம் மாறும் காகிதப் பட்டை 4.6க்குப் பக்கத்தில் நம்பத்தகுந்த அளவு காட்டாது.

உணவு அல்லாத பொருளுக்கும் சோதனை உண்டு. அடுப்பில்லாமல் செய்யும் சோப்பு நாலு முதல் ஆறு வாரம் காய வேண்டும். அதற்கு முன் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்க்கும். காயக் காய எடையும் குறையும். ஊற்றிய நாளில் போட்ட எடையை லேபிளில் அச்சடித்தால் விற்கும் நாளில் அது பொய்யாகிவிடும். சாப்பிடப் பயன்படும் மெருகு பூசிய மண்பாண்டத்தில் ஈயமும் காட்மியமும் கசியக்கூடாது. அதற்கான ஆய்வு முறை ஐ.எஸ்.ஓ. 6486 என்ற சர்வதேசத் தரம்; பாத்திரத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, கசிந்ததை அளப்பார்கள். அந்தச் சான்று இல்லாத பாத்திரத்தை ‘அழகுக்கு மட்டும்’ என்று அதன் மேலேயே எழுதி விற்கலாம், ஆனால் உணவுப் பொருள்களோடு சேர்த்து அடுக்காதீர்கள். கூடையிலும் மரப்பொருளிலும் பூச்சி இருக்கும். புதிதாக வந்த கூடையை பிளாஸ்டிக் உறையில் மூடி −20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைப்பது அருங்காட்சியகங்கள் கையாளும் வழி. உறைபெட்டி இல்லையென்றால் இரண்டு வாரம் தனியாக வைத்து, கீழே மரத்தூள் உதிர்கிறதா என்று பாருங்கள்.

4. லேபிளைச் சரிபார்த்த பிறகே ஆர்டர்

பாக்கெட் உணவின் லேபிளுக்குக் கோடெக்ஸ் 1985இல் ஒரு பொதுத் தரம் வகுத்தது. பல நாடுகளின் விதிகள் அதை ஒட்டியே இருக்கின்றன. பொருளின் பெயர், எடையில் அதிகமானது முதலில் வரும்படி சேர்மானங்கள், நிகர எடை, செய்தவர் பெயரும் முகவரியும், தேதி, ஈட்டு எண், எப்படி வைக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை வேண்டும். உங்கள் நாட்டு விதி இதற்கு மேல் என்ன கேட்கிறது என்பதை முதல் படியில் விசாரித்திருப்பீர்கள்.

அடிக்கடி விட்டுப்போவது ஒவ்வாமைத் தகவல். கோதுமை, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், எள், சோயா இவற்றில் எது சேர்ந்திருந்தாலும் தெளிவாகத் தெரிய வேண்டும். ‘மசாலா’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் உள்ளே என்ன என்று கேளுங்கள்.

ஈட்டு எண் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஒரு பாட்டிலில் கோளாறு வந்தால், அதே நாளில் செய்த மற்ற பாட்டில்கள் எவை என்று ஐந்து நிமிடத்தில் எடுக்க முடிய வேண்டும். எண் இல்லையென்றால் அவர் செய்த எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

‘உள்ளூர்’ என்ற சொல்லையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்த பழத்தில் இங்கே காய்ச்சிய ஜாம் ‘இங்கே செய்தது’. ‘இங்கே விளைந்தது’ அல்ல. இரண்டையும் கலந்து எழுதினால் ஒருநாள் பழம் விளைவிப்பவரே கடைக்கு வந்து கேட்பார். ‘ஆர்கானிக்’ என்று எழுதச் சான்று வேண்டும். நோய் தீர்க்கும் என்ற வாசகம் எந்த லேபிளிலும் வேண்டாம்.

5. பணப் பேச்சை எழுத்தில் முடியுங்கள்

இரண்டு வழி உண்டு. ஒன்று ரொக்கக் கொள்முதல்; வாங்கிய நிமிடமே சரக்கு உங்களுடையது, விற்காவிட்டால் நட்டமும் உங்களுடையது. மற்றொன்று கமிஷன், சரக்கு செய்தவருடையதாகவே இருக்கும், விற்ற பிறகு உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பீர்கள்.

கெட்டுப்போகும் உணவை ரொக்கத்துக்குக் கொஞ்சமாக வாங்குவதும், விலை கூடிய கைவினைப் பொருளைக் கமிஷனில் வைப்பதும் நல்லது என்பது என் எண்ணம். கமிஷனில் வைத்த உணவு பழையதாகிக்கொண்டே போகும், யாரும் பொறுப்பு எடுக்க மாட்டார்கள். உங்கள் காசு உள்ளே இருந்தால் தேதியை நீங்கள் பார்ப்பீர்கள்.

கமிஷன் என்றால் ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: பங்கு எவ்வளவு, எந்தத் தேதியில் பணம், உடைந்தால் அல்லது திருடு போனால் யார் பொறுப்பு, எத்தனை நாள் விற்காவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும், விலையைக் குறைக்க யாருக்கு உரிமை. கடைசி இரண்டும்தான் பின்னால் சண்டையாகிறவை.

கமிஷன் சரக்கு விற்ற பணத்தில் செய்தவரின் பங்கை அன்றன்றே தனியாக எடுத்து வையுங்கள். கல்லாவில் கலந்துவிட்டால் வாடகைக்குப் போய்விடும். மாதக் கடைசியில் இல்லை என்று சொல்ல நேர்ந்தால் அவர் மட்டுமல்ல, அவருக்குத் தெரிந்த மற்ற கைவினைஞர்களும் உங்களுக்குச் சரக்கு தர மாட்டார்கள்.

6. விலையைக் கணக்குப் போட்டு வையுங்கள்

இங்கே நடக்கும் பெரிய பிழை, வாங்கிய விலை மேல் சேர்ப்பதையும் விற்ற விலையில் நிற்பதையும் ஒன்றாக நினைப்பது. 60க்கு வாங்கியதில் 40 சதவீதம் லாபம் வேண்டும் என்று 60இன் மேல் 40 சதவீதம் கூட்டினால் 84 வரும். அதில் லாபம் 24. விற்ற விலையில் அது 28.6 சதவீதம்தான். விற்ற விலையில் 40 சதவீதம் நிற்க வேண்டுமென்றால் 60ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும், விலை 100.

அப்புறம் கழிவு. 60க்கு வாங்கிய பத்துப் பாட்டிலுக்கு 600 செலவு. பத்தும் 100க்கு விற்றால் கையில் நிற்பது 400. ஒன்று தேதி தாண்டிவிட்டால் 900 வரும், நிற்பது 300. பத்தில் ஒரு பாட்டில் போனதும் லாபத்தில் கால் பங்கு போய்விட்டது. தள்ளுபடியும் இப்படித்தான்: 100க்கு விற்பதை 80க்குக் கொடுத்தால் விலை ஐந்தில் ஒன்றுதான் குறைகிறது, லாபம் பாதியாகிறது. மூன்றாம் படியில் தேதியைப் பற்றி அவ்வளவு சொன்னதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

கணக்குப்படி வந்த விலை யாரும் வாங்காத விலையாக இருந்தால், செய்பவரைக் கசக்காதீர்கள். அளவைக் குறைத்துச் சின்னப் பாட்டிலில் போட முடியுமா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பரிசு வாங்க வருபவருக்குச் சின்னப் பாட்டில்தான் வசதியும்கூட.

7. முதல் ஆர்டர் சின்னதாக

ஒரு பொருளில் ஒரு டஜன் போதும். இருபது வகையில் மூன்று மூன்றாக வாங்குவதைவிட ஆறு வகையில் பன்னிரண்டு வாங்குவது மேல். மூன்று பாட்டில் மட்டும் நிற்கும் வரிசை விற்று மிஞ்சியது போலத் தெரியும், கை நீளாது. எது போகிறது என்ற முடிவுக்கு வரவும் மூன்று போதாது.

8. சரக்கு வந்து இறங்கும் நாள்

வந்ததும் எண்ணிவிட்டு அடுக்கிவிடாதீர்கள். தேதியைப் பாருங்கள், சொன்ன ஆயுளில் மூன்றில் இரண்டு பங்காவது மீதி இருக்க வேண்டும். பாட்டில் மூடியின் நடுவே அழுத்துங்கள். டிக்கென்று உள்ளே போய் வெளியே வந்தால் அடைப்பு இல்லை, அதைத் திருப்பிக் கொடுங்கள். நாலைந்து பாக்கெட்டை எடை போடுங்கள். காலிப் பாட்டிலின் எடையை முதல் சந்திப்பிலேயே குறித்து வைத்திருந்தால் நிகர எடையை உடனே சொல்லலாம். எடை குறைந்தால் அபராதம் கட்டுவது விற்பவராகவும் இருக்கலாம்.

பிறகு நோட்டில் தேதி, செய்தவர், பொருள், ஈட்டு எண், எண்ணிக்கை, காலாவதி என ஒரே வரியில் எழுதுங்கள். செய்தவர் பக்கத்தில் நிற்கும்போதே எழுதுவது நல்லது. அவருக்கும் அது கணக்கு.

9. இப்போது அலமாரி

சோப்பு, மெழுகுவர்த்தி இரண்டையும் உணவிலிருந்து தள்ளி, முடிந்தால் வேறு சுவரில் வையுங்கள். கொழுப்பும் மாவும் தேயிலையும் வாசனையை இழுத்துக்கொள்ளும். லாவெண்டர் வாடை அடிக்கும் பிஸ்கட்டை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்த அன்றுதான் நானும் இடம் மாற்றினேன்.

ஜன்னலில் வெயில் தாங்காத சரக்கு வேண்டாம். வெயிலில் ஜாமின் நிறம் மங்கும், எண்ணெய் சிக்கு பிடிக்கும், மெழுகு வளையும். மண்பாண்டமும் கூடையும் ஜன்னலுக்குப் போகட்டும். கனமான பாட்டில் கீழ்த்தட்டில் இருக்கட்டும். கண் மட்டத்தில், தீர்ந்தாலும் சீக்கிரம் மறுபடி கிடைக்கும் பொருளை வையுங்கள்.

அடுக்கும்போது முதலில் காலாவதியாவது முன்னால் நிற்க வேண்டும். முதலில் வந்தது முன்னால் என்று பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். நேற்று வந்த ஊறுகாய்க்கு முந்தைய தேதி இருக்கக்கூடும்.

ஒவ்வொரு பொருளிலும் விலை தெரியட்டும். பரிசு தேடி வருபவர் மனதில் ஒரு தொகையோடு வருகிறார். விலையைக் கேட்க வேண்டியிருந்தால் கேட்காமலே போய்விடுவார். பக்கத்தில் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று: யார் செய்தது, எதில் செய்தது, எப்படி வைத்துக்கொள்வது. மூன்று வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை. செய்தவர் பெயரைப் போட அவரிடம் கேட்டுவிடுங்கள். சிலர் விரும்ப மாட்டார்கள்.

10. பரிசுப் பெட்டி

பெட்டிக்கு வேண்டியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்ததும் கட்டுங்கள். முன்கூட்டியே முப்பது பெட்டி கட்டி வைத்தவர், பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதி பார்க்க வேண்டிவந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே எது முதலில் காலாவதியாகிறதோ அதுதான் முழுப் பெட்டியின் தேதி. ஆறு மாத ஜாமோடு மூன்று வாரக் கேக்கை வைத்தால் பெட்டிக்கு மூன்று வாரம்தான் ஆயுள்.

சோப்பும் உணவும் ஒரே பெட்டியில் வேண்டாம். ஒவ்வாமைத் தகவலை வெளியே ஒட்டுங்கள்; பரிசு பெறுகிறவர் லேபிளைப் படித்து வாங்கியவர் அல்ல. விலை போடும்போது பெட்டி, நிரப்பும் காகிதம், நாடா, உங்கள் இருபது நிமிடம் எல்லாம் கணக்கில் வர வேண்டும். இவற்றை விட்டுவிட்டு உள்ளே உள்ளவற்றை மட்டும் கூட்டி, அதிலும் தள்ளுபடி கொடுப்பவர் ஒவ்வொரு பெட்டியிலும் கைக்காசு போடுகிறார்.

கனமானது அடியில், நடுவில் கண்ணாடியும் கண்ணாடியும் உரசாதபடி துணியோ காகிதமோ. கட்டிய பெட்டியை இடுப்பளவிலிருந்து ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் வழியில் உடையும்.

11. மாதக் கடைசிக் கணக்கு

ஒவ்வொரு பொருளுக்கும் நாலு எண்: வந்தது, விற்றது, தூக்கிப் போட்டது, மீதி. அலமாரியில் உள்ளதை எண்ணியே எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். மூன்று மாதம் பார்த்தும் நகராததை நிறுத்தலாம். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள்: இடத்தையோ அளவையோ விலையையோ. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நிறுத்துவதாக இருந்தால் செய்தவரிடம் நேரில் போய், எண்களோடு சொல்லுங்கள். ‘போகவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் தன் கைப்பக்குவத்தைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார். ‘பன்னிரண்டில் இரண்டு போனது, வந்தவர்கள் சின்னப் பாட்டில் கேட்டார்கள்’ என்றால் அவருக்கு அடுத்த வேலை தெரியும்.

பரிசு அதிகம் விற்கும் பருவத்துக்கு இந்த எண்களை வைத்தே பத்து வாரம் முன்னால் ஆர்டர் கொடுங்கள். சோப்பு காய்வதற்கே ஆறு வாரம் போகும். பழத்துக்கு அதன் பருவம் முடிந்திருக்கும். கூடை பின்னுபவருக்கு இரண்டே கைதான். யார் எத்தனை தருவதாக ஒப்புக்கொண்டார்களோ அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நாலு வாரம் முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.